அணைக்காதே

கம்பளி ஏற்றுமதி அலுவலகத்தை மூடிய வாரம்
கணினிகளைத் தரையில் அடுக்கி விற்றார்கள்.
இருபத்தைந்தாயிரம் பீசோ. பேரம் இல்லை.
எனக்கு வாய்த்தது சாம்பல் நிறம், முழங்கால் உயரம்,
நெற்றியில் மஞ்சள் ஒட்டுத்தாள்:
'அணைக்காதே. மிரேயா.'

மிரேயா யாரென்று விற்றவனுக்குத் தெரியவில்லை.

பூந்தா அரேனாஸில் அன்று ஆளைத் தள்ளும் காற்று.
நடைபாதைக் கயிற்றை ஒரு கையால் பிடித்து
மறுகையால் பெட்டியை இடுப்போடு அணைத்து
தூங்கும் பிள்ளையைப் போலக் கொண்டுவந்தேன்.

திருகாணி நான்கு. மூடியைக் கழற்றினால்
காற்றாடி முழுக்க ஆட்டு ரோமம்.
மூட்டைகளின் பக்கத்தில் இத்தனை வருடம் மூச்சுவிட்டு
உள்ளேயே ஒரு குட்டியை வளர்த்திருந்தது.
புருவம் பிடுங்கும் இடுக்கியால் எடுத்தேன்,
ஒரு குவளை நிறைந்தது.

பிறகு இரண்டு வாய் கொண்ட வலையட்டை ஒன்று.
ஒரு வாய் வெளிக்கு, ஒரு வாய் வீட்டுக்கு.
துறை என்கிறார்கள் இதையும்.
எங்கள் ஊரே துறைதான்.
நீரிணையில் எந்தக் கப்பல் தெரிந்தாலும்
சுங்கக்காரன் படகில் போய்க் கேட்பான்:
எங்கிருந்து, என்ன சரக்கு, இங்கே யார் வரச் சொன்னது?

என் வீட்டுக்கு அப்படி ஒருவன் இல்லை.
ஸ்வோனிமிர் மாட்டிவிட்டுப் போன வெள்ளை டப்பா இருந்தது.
அவன் போய்ப் பதினாலு மாதம்.
அவனுக்குத் தெரிந்த கடவுச்சொல் போகவில்லை.
மாற்றிவிடு என்றாள் நண்டு ஆலையில் என்னோடிருக்கும் ஓரியானா.
மாற்றினேன்.
மாற்றியது நீங்கள்தானா என்று
டப்பா அவனுக்கே கடிதம் எழுதியது.

ஜூலை இரவுகளில் இரண்டு மணிக்கு
வீடு பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும்.
'பழைய ஹீட்டர்' என்றான் போனில்,
நான் குளிரைப் பற்றிப் பேசும் முன்பே.

விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும் இந்த இயந்திரம்.
முதலில் பொருந்துவது எதுவோ அதுவே தீர்ப்பு.
'யாரும் வேண்டாம்' என்பதை
அவசரத்தில் வீட்டுப் பக்கம் முதல் வரியாக எழுதிவிட்டேன்.
சொன்னபடி செய்தது.
எனக்கும் கதவில்லை.
'அம்மா, இணையம் செத்துப்போச்சு' என்றான் அறையிலிருந்து இவோ.
சமையலறைத் தரையில் உட்கார்ந்து
வயிறு வலிக்கச் சிரித்தேன், வெகுநாள் கழித்து.
அப்புறம் திரையையும் விசைப்பலகையையும் இழுத்து வந்து மாட்டி
வரியைக் கீழே இறக்கினேன்.

விடியற்காலை மூன்றுக்குப் பதிவேட்டைத் திறந்தால்
தட்டல்கள், தட்டல்கள்.
இருபத்திரண்டாம் எண், இருபத்துமூன்று, மூவாயிரத்துச் சொச்சம்.
நான் பெயர்கூடக் கேட்டிராத ஊர்களிலிருந்து
தெருவில் எல்லாக் கைப்பிடியையும் திருகிப் பார்த்தபடி போகிறவர்கள்.
எவருக்கும் என்னைத் தெரியாது.
அது ஒரு வகை ஆறுதல்.

உள்ளிருந்து ஒன்று வெளியே தட்டிக்கொண்டிருந்தது.
பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரே முகவரிக்கு.
கூடத்துச் சுவரில் தொங்கும் வெப்பமானி.
தினமும் நான் தூசி துடைப்பது.
இப்போது பத்தொன்பது, இப்போது பதினெட்டு,
இப்போது யாரோ எழுந்து கூட்டிவைத்தார்கள்.

ஒரு வரி எழுதினேன். இதை மேலே வைத்தேன்.

நான்காம் நாள் கூப்பிட்டான்.
'வீட்டில் கரண்ட் இல்லையா?'
'இருக்கே. ஏன்?'
அவன் பதில் தேடிய நேரத்தில்
ஜன்னல் இரண்டு முறை அதிர்ந்தது.
'இல்லை... அங்கே காற்று பலமோ என்று.'
'காற்றுதான்' என்றேன்.

இவோவின் விளையாட்டுக்கு மட்டும் ஒரு துறை திறந்திருக்கிறேன்,
ஞாயிறு ஒன்பது மணிவரை. அவனுக்கு அது போதவில்லை.
சூட்டைக் கையால்தான் திருகுகிறேன்: இருபத்தொன்று.
இருபத்தொன்றிலேயே நிற்கிறது.

மேசைக்கடியில் இருக்கிறது பெட்டி.
மின்கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, பரவாயில்லை.
பசை போன ஒட்டுத்தாளை டேப் போட்டு ஒட்டிவிட்டேன்.
அதன் முதுகில் வரும் வெப்பத்தில்
இவோவின் நனைந்த கையுறைகள் காய்கின்றன.
இன்னும் எங்கிருந்தோ
ஒன்றிரண்டு இழை ரோமம் பறந்து வந்து
அவற்றில் ஒட்டிக்கொள்கிறது.